பக்கத்து வளவில் அத்திவாரம், எங்கள் வளவில் மாமரம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீடு கட்டுகிற கதைதான். மாரி தொடங்குமுன் கொங்கிரீட் பிளேட் போட்டு முடித்துவிட வேண்டும் என்று திருகோணமலை முழுக்க எல்லோரும் அவசரப்படுகிற காலம் இது. அதனால் பூச்சி, உரம் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். கோபிக்க வேண்டாம். வெள்ளை ஈ எங்கும் போய்விடாது. மண் வெட்டுகிற பெக்கோ இயந்திரம் நாளைக்கே வந்துவிடும்.

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி: அம்மா, பக்கத்து வளவை வாங்கியவர்கள் அங்கே இரண்டு மாடியில் விருந்தினர் விடுதி கட்டப்போகிறார்கள். வருகிற மாதம் எல்லை மதிலுக்கு அத்திவாரம் வெட்டுகிறார்களாம். மதில் வரும் கோட்டிலிருந்து ஆறு அடியில் அப்பா வைத்த கறுத்தக்கொழும்பான் மாமரம் நிற்கிறது. நெஞ்சளவு உயரத்தில் சுற்றளவு 42 அங்குலம். அதே கரையோடு செவ்வரத்தை வேலியும் ஒரு மல்லிகைப் பந்தலும் உண்டு. வேலை நடக்கும்போது மணலும் கல்லும் எங்கள் வளவில் கொஞ்ச நாள் கிடக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல மனிதர்கள், முகத்தை முறிக்க விருப்பமில்லை. மாமரத்தின் கொப்புகளைக் குறைத்துவிட்டால் போதும், மரத்துக்கு ஒன்றும் ஆகாது என்று அவர்களுடைய மேசன் பாஸ் சொல்கிறார். சரியா?

நாடா பிடித்து அளந்து எழுதியதற்கு முதலில் நன்றி, பிள்ளை. பெரும்பாலானவர்கள் ‘பெரிய மரம்’ என்று மட்டும் எழுதுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வது?

சுற்றளவு 42 அங்குலம் என்றால் மரத்தின் தடிப்பு 13 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. தடிப்பில் ஓர் அங்குலத்துக்கு ஓர் அடி என்பது கணக்கு. அடிமரத்தில் கயிறு கட்டி, 13 அடி தள்ளி மண்ணில் ஒரு வட்டம் கீறுங்கள். அந்த வட்டத்துக்குள் இருக்கும் மண் கெடாவிட்டால் மரம் பிழைக்கும். மதில் ஆறு அடியில் வந்தால், வட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அடுத்த வளவுக்குள் போய்விடும். நோய்நொடி இல்லாத மாமரம் அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளும். விழுந்துவிடுமோ என்ற பயமும் தேவையில்லை. தடிப்பைப்போல மூன்று மடங்கு தூரத்துக்குள், உங்கள் மரத்தில் மூன்றேகால் அடிக்குள், வேர்களை வெட்டினால்தான் மரத்தின் பிடிமானமே ஆட்டம் காணும். ஆறு அடியில் அந்த ஆபத்து குறைவு.

ஆகவே மதிலை விடுங்கள். எனக்குக் கவலை தருவது அவர்கள் கேட்டிருக்கும் அந்த ‘கொஞ்ச நாள்’ மணல்தான்.

மாமரத்துக்கு ஆணிவேர் ஆழத்தில் இருக்கிறது, மேலே என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது என்று ஒரு நம்பிக்கை எங்கள் ஆட்களிடம் இருக்கிறது. தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சுகிற மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல் இரண்டு அடி மண்ணுக்குள்தான் ஓடுகின்றன. கொப்பு நிழல் விழும் எல்லையையும் தாண்டிப் பரவியிருக்கும். அந்த வேர்களுக்குத் தண்ணீரைப்போலவே காற்றும் வேண்டும். மண்துகள்களுக்கு இடையே இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளில்தான் அந்தக் காற்று நிற்கிறது. லோட் ஏற்றிய டிப்பர் ஒன்று அதன்மேல் ஏறி இறங்கினால் இடைவெளி அடைபட்டுவிடும். கெடுதியில் பெரும்பகுதி முதல் சில ஓட்டங்களிலேயே நடந்து முடிகிறது. ‘இவ்வளவு நாளும் ஓடியாயிற்று, இனி என்ன’ என்று சொல்வதும், ‘ஒரேயொரு லோட்தானே’ என்று சொல்வதும் இரண்டுமே பிழை. உப்புவெளி மணல் தம்பலகாமத்துக் களிமண் அளவுக்கு இறுகாது என்பது உங்கள் அதிர்ஷ்டம். ஆனால் அதே மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. வேர் குறைந்த மரம் கச்சான் காற்றில் வேகமாக வாடும்.

இன்னொன்று, மணல் குவியல் ஓரிடத்தில் விழுந்துவிட்டால் எல்லாமே அதைச் சுற்றித்தான் வரும். அதன் பக்கத்தில் சீமெந்து மூடை, அதற்குப் பக்கத்தில் தண்ணீர் பரல், பிறகு கலவைத் தட்டு, நிழலுக்கு மாமரம், மத்தியானச் சாப்பாடு, கம்பி வளைக்கிற மேசை. பாஸைக் குறை சொல்லி என்ன செய்வது? நிழல் இருக்கிற இடத்தில்தான் மனிசன் வேலை செய்வான். அதனால் முதல் லோட் வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள். ‘மணல் கொட்டக்கூடாது’ என்று மறுக்காதீர்கள். படலைப் பக்கம், கிணற்றுக்கும் மரத்துக்கும் தள்ளி ஓரிடத்தை நீங்களே காட்டி, ‘இதில் கொட்டுங்கள்’ என்று சொல்லுங்கள். வேலையாட்களுக்கு வேறொரு பக்கத்தில் தறப்பாள் கட்டி நிழல் செய்து கொடுங்கள். முகமும் முறியாது.

வட்டத்தின் எல்லையில் வேலி போடுங்கள். சிவப்பு ரிபன் கட்டினால் மறுநாள் அது யாருடையதோ சைக்கிளில் இருக்கும். இரும்புக் குழாயோ பூவரசங் கட்டையோ நட்டு, பழைய தகரம் அடிப்பதுதான் வேலி. வட்டத்துக்குள் ஆள் நடந்தேதான் ஆகவேண்டிய இடம் இருந்தால், பொச்சுமட்டையை ஓர் அடி தடிப்புக்குப் பரப்பி, மேலே பலகை போடுங்கள். பாரம் பரந்து இறங்கும். மழை பெய்த அன்றும் தண்ணீர் விட்ட அன்றும் பலகைமேல்கூட வண்டி வேண்டாம், ஈர மண்தான் கூடுதலாக இறுகும்.

இனி அத்திவாரம். உங்கள் மரத்துக்கு நேரே வரும் இருபத்தைந்து அடி நீளத்தையாவது பெக்கோ இல்லாமல் ஆளை வைத்து வெட்டும்படி கேளுங்கள். கூலி வித்தியாசத்தை நீங்களே கொடுத்தாலும் நட்டமில்லை. பெக்கோவின் வாளி வேரை வெட்டுவதில்லை, பிடித்து இழுக்கும். வேர் அத்திவாரக் கிடங்கின் ஓரத்தில் அறுபடாமல், உள்ளே அடிமரத்துக்குக் கிட்டப் போய்க் கிழியும். கையால் வெட்டும்போது பெருவிரல் தடிப்புக்கு மேற்பட்ட வேர் வந்தால், அலவாங்கால் குத்தாமல் கூரான கைவாளால் நேராக அறுக்கச் சொல்லுங்கள். அறுத்த முகத்தில் தார், பெயின்ட், சாணி எதுவும் பூச வேண்டாம். நனைத்த சாக்கைக் கிடங்கின் உங்கள் பக்கச் சுவரில் தொங்கவிட்டு, மூடும்வரை ஈரமாக வைத்திருங்கள். வெயிலில் ஒரு பகல் திறந்து கிடந்தாலே மெல்லிய வேர் கருகிவிடும். கொங்கிரீட் போடும் நாளில் அதே சுவரில் தடித்த பொலித்தீன் விரித்தால் ஈரச் சீமெந்து வேரில் படாது.

மணிக்கட்டு அளவு தடித்த வேர் குறுக்கே வந்தால் நிறுத்திவிட்டு எஞ்சினியரிடம் கேளுங்கள். தொடர் அத்திவாரத்துக்குப் பதிலாக, வேருக்கு இரு பக்கமும் தூண் இறக்கி, மேலால் பீம் போட்டு மதிலைக் கட்ட முடியும். வேர் பீமுக்குக் கீழே தன் பாட்டுக்குப் போகும், பிறகு மதிலை வெடிக்க வைக்கவும் மாட்டாது. ‘உங்கள் மதிலுக்கும் இதுதான் நல்லது’ என்று சொன்னால் அயலவர் காது கொடுத்துக் கேட்பார்.

கொப்பு வெட்டுவதைப் பற்றி. வேர் குறைந்தால் கொப்பையும் குறைத்துச் சமப்படுத்த வேண்டும் என்று நானே ஒரு காலத்தில் பாடமாகப் படித்ததுண்டு. இப்போது மரம் பற்றிப் படித்தவர்கள் பெரும்பாலும் அப்படிச் சொல்வதில்லை. புது வேர் விட மரத்துக்குச் சாப்பாடு வேண்டும், அதைச் சமைப்பது இலைதான். சாரத்தில் முட்டுகிற கொப்பு, முறிந்த கொப்பு, காய்ந்த கொப்பு இவற்றை மட்டும் எடுங்கள். பாஸ் கத்தியோடு மரத்தில் ஏறட்டும் என்று விட்டுவிட வேண்டாம். யூரியாவும் வேண்டாம். இரண்டு மூன்று அங்குலத்துக்குச் சருகோ தும்போ பரப்பி (அடிமரத்தை ஒரு சாண் விட்டுத் தள்ளி), வட்டத்தின் வெளிப்பக்கமாக ஹோஸை மெல்லத் திறந்து ஊறவிடுங்கள். இதை வேலை தொடங்குவதற்கு இரண்டு கிழமை முன்பே ஆரம்பித்து, மாரி வரும்வரை தொடருங்கள். அடுத்த கோடையிலும் அதற்கடுத்த கோடையிலும் மறக்க வேண்டாம்.

ஏன் அவ்வளவு காலம் என்றால், மாமரம் உடனே காட்டிக்கொடுக்காது. வேலை முடிந்து, பெயின்ட் அடித்து, விடுதியில் வெள்ளைக்காரர் வந்து தங்கத் தொடங்கி இரண்டு மூன்று வருடம் கழித்து, உச்சிக் கொப்பு நுனியிலிருந்து காயத் தொடங்கும். இலை சிறுக்கும். அதற்குள் எல்லோரும் மதிலை மறந்திருப்பார்கள், ‘ஏதோ நோய்’ என்று மருந்து கேட்டு எனக்குக் கடிதம் வரும். இடையில் ஒரு வருடம் வழக்கத்துக்கு மாறாக அள்ளிப் பூத்தாலும் உடனே சந்தோஷப்பட வேண்டாம். நெருக்கடியில் இருக்கிற மரமும் அப்படிப் பூப்பதுண்டு.

செவ்வரத்தை கெட்டிக்காரி. இடுப்பளவுக்கு வெட்டி, கயிற்றால் உள்பக்கம் இழுத்துக் கட்டிவிட்டால் போதும். மல்லிகையைப் பந்தலிலிருந்து அவிழ்த்து இரண்டு அடி உயரத்தில் வெட்டுங்கள், மாரியில் துளிர்க்கும். பந்தலைக் கழற்றி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது சாரமாகிவிடும். மதிலுக்கு இந்தப் பக்கம் ஓர் அடி இடைவெளி விட்டுக் கிடுகோ நிழல் வலையோ கட்டினால் பூச்சு வேலையில் தெறிக்கிற கலவை செடியில் விழாது. பொலித்தீனால் செடியை மூடிக் கட்டும் பழக்கம் ஒன்று இருக்கிறது. எங்கள் வெயிலில் அதற்குள் செடி அவிந்துவிடும். பழைய சேலை எவ்வளவோ மேல். சீமெந்துத் தூசி இலையில் படிந்தால் அன்றைக்கு அன்றே தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். இரவுப் பனி பட்டால் தூசி இலையோடு இறுகி ஓடாகிவிடும், பிறகு இலையைக் கிழிக்காமல் அதைக் கழற்ற முடியாது.

பாலையூற்றிலிருந்து ஒரு வாசகர்: மிஸ், நீங்கள் முன்பு எங்கள் பகுதிக்கு விவசாயப் போதனாசிரியராக (ஏ.ஐ.) வந்தவர்தானே? பின்பக்கம் குசினியை நீட்டிக் கட்டி ஆறு மாதமாகிறது. கிணற்றடித் தேசிமரம் அதிலிருந்து மஞ்சளித்துக்கொண்டு வருகிறது. உரம் போட்டேன், இன்னும் மோசம். மரத்துக்கும் குசினிக்கும் பதினைந்து அடி. வேர் எதையும் வெட்டவில்லை.

நான்தான். நலமாக இருக்கிறேன்.

கிணற்றடியில் மரம், பதினைந்து அடியில் வேலை. அப்படியென்றால் மேசன்மார் மண்வெட்டியும் தாச்சியும் கழுவியது எங்கே? தேசிமரத்தடியில்தான் கழுவியிருப்பார்கள். ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஐந்து மணிக்கு, கலவைத் தண்ணீரை மரத்துக்கே ஊற்றியிருப்பார்கள். மரத்துக்கும் தண்ணீர் போகட்டும் என்ற நல்லெண்ணம் வேறு.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். மரத்தடியில் குந்தியிருந்து, சருகை ஒதுக்கி, மண்ணின் மேல்தோலைக் கத்தி நுனியால் நெம்பிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், ஓரம் மடிந்து, அப்பளம்போலத் துண்டு துண்டாகக் கிளம்பினால் அது மண் இல்லை, சீமெந்துப் பாலும் மணலும் சேர்ந்து இறுகியது. அடியில் மண் வெளிறிக் காய்ந்திருக்கும், நேற்று ஊற்றிய தண்ணீர் பக்கவாட்டில் ஓடிப்போயிருக்கும். வினாகிரி விட்டு நுரைக்கிறதா என்று பார்க்கச் சிலர் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள், எங்கள் கரையோர மண்ணில் சிப்பித்தூள் கலந்திருப்பதால் சீமெந்து இல்லாமலே நுரைக்கும்.

பச்சைக் கலவைத் தண்ணீரின் காரத்தன்மை பி.எச். 12க்கு மேல். தேசிக்குப் பிடித்தது 6க்கும் 7க்கும் இடைப்பட்டது. மண் காரமானால் இரும்பு, துத்தநாகம், மங்கனீசு எல்லாம் மண்ணிலேயே இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் இரும்புக் குறைபாடு. நீங்கள் போட்ட உரம் பூட்டிய கதவுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்த சாமான், வேறொன்றும் இல்லை.

இறுகிய அந்தச் சீமெந்துப் படையையும் அதற்குக் கீழே நாலு அங்குல மண்ணையும் கையால் கிளறி அள்ளி வெளியே கொண்டுபோங்கள். தேசி வேர் மேலோட்டமாக ஓடும், மண்வெட்டியை ஓங்க வேண்டாம். வெறுமையான இடத்துக்குப் பழைய கூட்டெருவும் நல்ல மேல்மண்ணும் நிரப்பி, நாலைந்து முறை தாராளமாகத் தண்ணீர் விட்டு ஊறவிடுங்கள். கிணற்றுக்குக் கிட்ட என்பதால் அள்ளிய மண்ணைக் கிணற்றோரம் குவிக்காதீர்கள். கொஞ்சம் கந்தகத்தூள் கலந்தால் மண்ணின் காரம் மெல்ல மெல்ல இறங்கி வரும், மாதக்கணக்கு எடுக்கும். அதுவரை தாக்குப்பிடிக்க, காரத்தில் பூட்டுப்படாதபடி கீலேற் செய்த இரும்பும் நுண்சத்துக் கலவையும் கடையில் கிடைக்கும். பெட்டியில் எழுதிய அளவுக்கு மேல் போகாமல் காலையில் இலைக்கு விசிறுங்கள். தேசிக்காய்த் தண்ணீர் ஊற்றினால் சரிவரும் என்று யாராவது சொன்னால், அந்தத் தேசிக்காயைச் சர்பத்துக்கு வையுங்கள்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு வாசகர்: வெள்ளத்துக்குப் பயந்து வளவு முழுவதையும் கிறவல் போட்டு இரண்டு அடி உயர்த்தப் போகிறோம். ஒரு பெரிய வேம்பும் மூன்று தென்னையும் நிற்கின்றன. வேம்பைச் சுற்றி வட்டமாகக் கல் கட்டி அடிமரத்தை மண்படாமல் விட்டால் தப்புமா?

கல் வட்டம் எவ்வளவு அகலம் என்று எழுதவில்லை. வழக்கமாகக் கட்டுவது அடிமரத்திலிருந்து இரண்டு அடி தள்ளி. பார்க்க அழகாக, கோயில் மரம்போல இருக்கும். ஆனால் மூச்சு விடுகிற வேர் அந்த வட்டத்துக்கு வெளியே, இரண்டு அடிக் கிறவலுக்குக் கீழே கிடக்கிறது. கிறவலை உருளை வைத்து இறுக்கவும் போகிறீர்கள். மரத்தின் பட்டை மட்டும் தப்பும்.

வீடு வரும் இடத்தை மட்டும் உயர்த்த முடியாதா? நான் முதலில் கேட்பது அதைத்தான். வளவு முழுவதையும் உயர்த்தினால் உங்கள் வெள்ளம் அடுத்த வளவுக்குப் போகும், அதுவும் ஒரு பிரச்சினை. வேம்பைச் சுற்றிக் கொப்பு விரிந்த அளவுக்காவது பழைய மட்டத்தை அப்படியே விட்டு, அந்த எல்லையில் சரிவாகக் கிறவலை முடியுங்கள். பள்ளத்தில் நிற்கும் மாரித் தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால் அவசியம். வேம்புக்கு வேரில் தண்ணீர் தேங்குவது பிடிக்காது. அடிமரத்தின் சுற்றளவையும் வீட்டுக்கோட்டின் தூரத்தையும் எழுதி அனுப்புங்கள், இன்னும் சரியாகச் சொல்லலாம்.

தென்னை வேறு சாதி. அதன் வேர் அடிக் குற்றியிலிருந்து புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கும். அடியில் கொஞ்சம் மண் அணைத்தால் கோபிக்காது, அதற்காக ஒரே நாளில் இரண்டு அடி கிறவலை ஏற்றிவிடாதீர்கள். தென்னையில் பார்க்க வேண்டியது தண்டு. மாவும் வேம்பும் பட்டையில் காயம்பட்டால் ஓரத்திலிருந்து வளர்ந்து மூடிக்கொள்ளும். தென்னைக்கு அந்த வசதி கிடையாது, டிப்பர் பின்னால் வந்து உரசிய காயம் சாகும்வரை காயம்தான். அந்த வாசனைக்குச் செவ்வண்டு வரும். நிலத்திலிருந்து ஆறு அடி உயரத்துக்குப் பழைய டயரையோ தென்னோலை மட்டையையோ சுற்றிக் கட்டிவிடுங்கள். தளர்வாகக் கட்டி, வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடுங்கள். ஆணி அடிக்க வேண்டாம்.

கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகர்: வீட்டை நீட்டுவதற்குப் பலாமரம் தடையாக நிற்கிறது. எங்கள் சொந்தக் காணிதானே, வெட்டலாமா?

சொந்தக் காணியானாலும் அனுமதி வேண்டும். பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றுக்கும் 1951ஆம் ஆண்டிலிருந்தே சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. கிராம உத்தியோகத்தரிடம் போய், அவர் மூலமாகப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். அதற்கு முன் வரைபடத்தைப் பாஸிடம் கொடுத்து, அறையை மற்றப் பக்கம் திருப்ப முடியுமா என்று ஒருமுறை கேளுங்கள். காய்க்கிற பலா ஒன்று இன்னொரு முறை வளர்ந்து வர எத்தனை வருடம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

உவர்மலையிலிருந்து ஒரு வாசகி: முன் விறாந்தை கட்டும் இடத்தில் ஐந்து ரோசாவும் ஒரு நந்தியாவட்டையும் நிற்கின்றன. கிளப்பி வைக்கலாமா? வேலை ஒரு மாதத்தில் தொடங்குகிறது.

ஒரு மாதம் இருப்பது நல்லது. இன்றைக்கே ஒவ்வொரு செடிக்கும் ஓர் அடி தள்ளி, எதிரெதிர் இரண்டு பக்கம் மட்டும் கூரான மண்வெட்டியால் ஆழமாக வெட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு கிழமை கழித்து மற்ற இரண்டு பக்கமும். அதற்குள் வெட்டிய பக்கத்தில் புதுவேர் தொடங்கியிருக்கும். கிளப்புவதற்கு முதல்நாள் நன்றாக நனைத்து, ரோசாவை ஓர் அடிக்கு வெட்டி, மண்கட்டியோடு உரப்பையில் இறக்கி, பையின் வாயை இறுக்கிக் கட்டி நிழலில் வையுங்கள். உவர்மலையில் கல் மண், கட்டி நிற்காமல் உதிரத்தான் செய்யும். உதிர்ந்தால் ஈரச் சாக்கில் சுற்றி அன்றைக்கே சாடியில் நட்டுவிடுங்கள். நந்தியாவட்டையில் இப்போதே நாலைந்து முற்றின குச்சியை வெட்டித் தனியாக ஊன்றி வைத்தால், தாய்ச்செடி போனாலும் கவலையில்லை. வைத்த பிறகு வேர் வந்துவிட்டதா என்று நாளுக்கொரு தடவை பிடுங்கிப் பார்க்காதீர்கள், அவ்வளவுதான்.